தேடுவதும் அள்ளுவதும்: ஒரே காரியத்துக்கு மொழிகள் வைத்த பெயர்கள்

கொடைக்கானல் பக்கத்தில் எங்கள் பெருமாள்மலையில் ஜன்னல் கொக்கியைப் போட மறந்தால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். போன ஜூன் மாதம் பக்கத்து வீட்டு அக்கா பிளம்ஸ் கூடைகளை வேனில் ஏற்றிவிட்டு வருவதற்குள் குரங்குக் கூட்டம் அடுப்படிக்குள் இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு நானும் அண்ணன் மகளும் ஓடினோம். அரிசி டப்பா கவிழ்ந்து கிடந்தது. ஊறுகாய் ஜாடி இரண்டாக உடைந்திருந்தது. மிளகாய்த் தூள் பாக்கெட்டைக் கடித்துப் பார்த்து வீசியிருந்தன. அலமாரி மேல்தட்டில் துணி போட்டு மூடியிருந்த வெல்லமும் வேர்க்கடலையும் மட்டும் சுத்தமாகக் காலி.

அக்கா வாசலில் நின்றபடி சொன்னார்: “உள்ள பூந்து, எல்லாத்தையும் உருட்டிப் பெரட்டி, கிண்டிக் கெளறி, திங்கிறதத் தின்னுட்டு, மிச்சத்த எறிஞ்சுட்டுப் போயிருக்குதுங்க பாரும்மா.”

அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அதே வாரம் அவளுடைய ஆங்கிலப் பாடத்தில் ‘ரான்சாக்’ என்ற சொல் வந்தது. அகராதியைப் புரட்டிவிட்டு என்னிடம் வந்தாள். “அத்தை, இதுக்கு ‘துருவித் தேடு’ன்னும் போட்டிருக்கு, ‘கொள்ளையடி’ன்னும் போட்டிருக்கு. தேடுறதும் கொள்ளையடிக்கிறதும் எப்படி ஒண்ணாகும்?”

நல்ல கேள்வி. அன்றிலிருந்து இந்தச் சொற்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மொழி ஆராய்ச்சியில் பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியும்படி, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு வீட்டுக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போவது வெளியிலிருந்து பார்த்தால் ஒரே காரியம். பிரித்துப் பார்த்தால் அதற்குள் பல காரியங்கள் இருக்கின்றன. நுழைய வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தேடும்போது மற்றதெல்லாம் கலைகிறது, உடைகிறது. அப்புறம்தான் எடுப்பது, கொண்டுபோவது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்துப் பெயர் வைப்பது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் முடிவு செய்திருக்கிறது. ஒரு மொழி வீட்டைப் பார்க்கிறது, இன்னொன்று பண்ட பாத்திரத்தைப் பார்க்கிறது, வேறொன்று எடுக்கிற கையைப் பார்க்கிறது. பக்கத்து வீட்டு அக்கா எதையும் விடவில்லை. பூந்து, உருட்டி, புரட்டி, கிண்டி, கிளறி, தின்று, எறிந்து, போய் என்று எட்டு வினைகளை வரிசையாக அடுக்கிவிட்டார். வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது தமிழுக்குக் கைவந்த வேலை. ஆங்கிலம் ஒரு சொல்லுக்குள் அமுக்கி வைப்பதைத் தமிழ் பிரித்து உலர்த்திப் போடுகிறது.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லையே பார்ப்போம். அது பிறப்பில் ஆங்கிலம் கிடையாது. பழைய நார்ஸ் என்று ஒரு மொழி இருந்தது. இன்றைய ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மொழிகளுக்கெல்லாம் அதுதான் தாய். அதில் ‘ரன்’ என்றால் வீடு. ‘சாகா’ என்ற பகுதி தேடுவதைக் குறிக்கும் வினையோடு உறவுள்ளது. இரண்டும் சேர்ந்த ‘ரன்சாகா’வுக்கு வீட்டைத் தேடுதல் என்று பொருள். அந்த நாட்டுச் சட்டங்களில் இது ஒழுங்கான நடைமுறையின் பெயர். ஒருவருடைய பொருள் களவுபோனால், அது இருக்கும் என்று சந்தேகப்படும் வீட்டுக்குள் போய்த் தேடிப் பார்ப்பது. அதாவது, பறிகொடுத்தவர் தரப்பில் பிறந்த சொல் இது.

வடக்கிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இங்கிலாந்தில் இந்தச் சொல் வேறு வழியில் போனது. முதலில் தேடுவது என்றுதான் அங்கும் பொருள். நாளாவட்டத்தில் தலைகீழாகப் புரட்டுவது, சூறையாடுவது என்று ஆகிவிட்டது. ஐஸ்லாந்திலோ இன்றைக்கும் ‘ரன்சோக்ன்’ என்றால் ஆராய்ச்சி. பல்கலைக்கழகத்தில் நடப்பது அதுதான். ஸ்வீடனில் ‘ரன்சாகா’ என்றால் கவனமாக ஆராய்ந்து பார்ப்பது. ஒரே சொல் ஒரு கரையில் ஆய்வகத்துக்குள் போய்விட்டது, இன்னொரு கரையில் கொள்ளைக்காரன் கையில் சிக்கியிருக்கிறது. அண்ணன் மகளின் அகராதியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் இந்தப் பயணம்தான்.

தேடப் போகிறவரே எதையாவது எடுத்துவிட்டால்? அல்லது எதையாவது வைத்துவிட்டு ‘இதோ இருக்கிறது’ என்று சொன்னால்? இந்தப் பயம் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. பழைய ரோமில் களவுபோன பொருளைத் தேடி அடுத்தவர் வீட்டுக்குள் போகிறவர் இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தட்டை ஏந்தியபடி போக வேண்டும் என்று ஒரு முறை இருந்தது. உடம்பில் ஒளிக்க இடம் கிடையாது, கையும் தட்டிலேயே இருக்கும். நம் சட்டம் இதையே வேறு விதமாகச் செய்கிறது. போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போடும்போது அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். எடுத்த பொருளையெல்லாம் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பட்டியலைத்தான் ஸ்டேஷனில் மகஜர் என்கிறார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம் சோதனையை வீடியோவும் எடுக்கச் சொல்கிறது. தேடுவதற்கும் அள்ளுவதற்கும் நடுவே உள்ள கோடு அவ்வளவு மெலிது என்பதால்தான் இத்தனை காவல்.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழில் நெருக்கித் தேடுவதற்கு என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று ஒரு நாள் சமைத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். அவற்றில் பாதிக்கு மேல் என் கையிலேயே இருந்தன. துழாவுவது: கூழைத் துடுப்பால் துழாவுகிறோம், பைக்குள் சாவியைத் துழாவுகிறோம். துருவுவது: தேங்காயைத் துருவுகிறோம், ஒருவரைத் துருவித் துருவிக் கேட்கிறோம். அலசுவது: கீரையை அலசுகிறோம், ஒரு பிரச்சினையை அலசுகிறோம். கிளறுவதும் கிண்டுவதும் உப்புமாவுக்கும் உண்டு, பழைய விவகாரத்துக்கும் உண்டு. மாவு சலிக்கிற சல்லடையைத்தான் காட்டுக்குள் ஆளைத் தேடும் போலீஸும் ‘போட்டுத் தேடுகிறது’.

இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வராது. அதைக் கவனித்தால் எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள் என்பது தெரியும். துழாவும்போது கண்ணுக்கு வேலை இல்லை. மலையில் மழை பிடித்தால் கரண்ட் போய்விடும். அப்போது சாமி மாடத்தில் தீப்பெட்டியைத் துழாவுகிறோம், அலசுவதில்லை. அலசுவதற்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒன்று விடாமல் பார்க்க வேண்டும். கிளறினால் அடியில் இருப்பது மேலே வரும். அதனால்தான் ‘பழசையெல்லாம் கிளறாதே’ என்கிறோம். துருவுவது கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே உள்ளே போவது. நோண்டுவது நக நுனியால், அதுவும் பெரும்பாலும் யாரும் கேட்காமலே செய்வது. மன்னவனூர்ப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டவர்கள் காலையில் வயலைப் பார்த்துவிட்டு ‘பன்னி கெளறிப் போட்டுருச்சு’ என்பார்கள். அந்த ஒரு சொல்லிலேயே மூக்கால் மண்ணைப் புரட்டி அடிக்கிழங்கை மேலே கொண்டுவந்த காட்சி முழுதாக வந்துவிடுகிறது.

இந்தச் சொற்கள் எதிலும் களவு இல்லை. துழாவியவரும் அலசியவரும் எதையும் எடுத்தார்கள் என்று அர்த்தமாகாது. எடுப்பதற்குத் தமிழ் தனியாக ஒரு சொற்கூட்டம் வைத்திருக்கிறது.

அதில் முதல் சொல் கொள்ளை. இது ‘கொள்’ என்ற வேரிலிருந்து வந்தது. கொள் என்றால் எடுத்துத் தனதாக்குவது. கொள்முதல் என்கிறோமே, நெல் கொள்முதல், பால் கொள்முதல், அதுவும் இதே வேர்தான். காசு கொடுத்துக் கொண்டால் கொள்முதல், கொடுக்காமல் கொண்டால் கொள்ளை. இன்னும் சொல்லப்போனால் ‘எடுத்துக்கொண்டான்’, ‘வைத்துக்கொண்டான்’ என்று தினமும் நூறு தடவை சொல்கிறோமே, அதில் வால் போல ஒட்டியிருப்பதும் இதே கொள்தான். செய்கிற காரியம் செய்தவனுக்கே சேர்கிறது என்பதைக் காட்ட வந்த வால் அது. ஆக, தமிழ் இந்தக் காரியத்தில் வீட்டைப் பார்க்கவில்லை, பொருளையும் பார்க்கவில்லை. தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் கையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது.

சொல்லும் மிகப் பழையது. புறநானூற்றின் ஏழாம் பாட்டு கரிகாலனைப் பற்றிக் கருங்குழல் ஆதனார் பாடியது. ‘எல்லையும் இரவும் எண்ணாய், பகைவர் ஊர்சுடு விளக்கத்து அழுவிளிக் கம்பலைக் கொள்ளை மேவலை’ என்று வருகிறது. பகல் என்றும் பார்ப்பதில்லை, இரவு என்றும் பார்ப்பதில்லை. எரிகிற ஊரின் வெளிச்சத்தில், அழுது கூப்பிடுகிறவர்களின் ஆரவாரத்துக்கு நடுவே நீ கொள்ளையை விரும்புகிறாய் என்கிறார் புலவர். அரசனின் வெற்றியைப் பாட வந்த பாட்டு. ஆனால் அதற்குள் அழுகைச் சத்தம் கேட்கிறது. நாடு எரிகிற தீயே கொள்ளைக்கு விளக்காகிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் என்னால் சும்மா தாண்டிப்போக முடியவில்லை. அடுத்த வரிகளில் பகைவர் நாட்டின் வளத்தையும், அங்கே நீர் உடைத்துக்கொண்டு வந்தால் மண்ணுக்குப் பதிலாக மீனைக் கொண்டே அடைப்பார்கள் என்பதையும் சொல்லி, அந்த நாடுதான் நலம் இழந்துபோகிறது என்று வருந்துகிறார். பட்டினப்பாலையில் ‘கொண்டி மகளிர்’ வருகிறார்கள். கொண்டி என்பதும் கொள் வேர்ச் சொல்தான். அங்கே பகை நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவை பொருள்கள் மட்டும் இல்லை, பெண்களும்தான்.

இந்த இடத்தில் தொல்காப்பியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பகை நாட்டு மாடுகளைக் கவர்ந்து வருவதை வெட்சி என்று பெயரிட்டு, அதைப் பதினான்கு துறைகளாக அது பிரிக்கிறது. படை கிளம்பும் சத்தம், ஊர்ப் பக்கத்தில் நற்சொல் கேட்பது, யாருக்கும் தெரியாமல் போவது, ஒற்றர் மூலம் அறிவது, ஊரைச் சூழ்வது, அழிப்பது, மாடுகளைக் கொள்வது, துரத்தி வருபவர்களைத் தடுப்பது என்று போகிறது. ஒற்றறிவதற்கு ‘வேய்’ என்று பெயர், மாட்டைப் பிடிப்பதற்கு ‘ஆகோள்’. தேடுவது ஒரு துறை, எடுப்பது இன்னொரு துறை. நடுவில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு துறை இருக்கிறது: ‘நோயின்று உய்த்தல்’. ஓட்டி வரும் மாடுகளுக்கு வழியில் துன்பம் நேராமல் கொண்டுவருவது. அப்புறம் பங்கு பிரிப்பது ‘பாதீடு’, குடித்துக் கொண்டாடுவது ‘உண்டாட்டு’, கொடுத்து மகிழ்வது ‘கொடை’. பக்கத்து வீட்டு அக்கா எட்டாகப் பிரித்ததை இலக்கணம் பதினான்காகப் பிரித்திருக்கிறது.

கொள்ளைக்கு அடுத்தது பறி. எங்கள் மலையில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளும் விடியாது. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் சீசனில் ‘காப்பி பறிக்கப் போறோம்’ என்றுதான் பெண்கள் கிளம்புகிறார்கள். காம்பிலிருந்து சட்டென்று பிடுங்குவது பறிப்பது. வழியில் போகிறவர் கழுத்துச் சங்கிலி போனால் அதற்கும் வழிப்பறி. ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்திலிருந்து இழுத்துப் பிரிக்கிற அந்த அசைவு இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் வீடு புகுந்த திருட்டை யாரும் வழிப்பறி என்று சொல்வதில்லை.

மூன்றாவது சூறை. இதன் முகமே வேறு. சூறை என்றால் சுழல்காற்று. சூறாவளியில் இருப்பது அதுதான். சூறையாடு என்னும்போது எடுப்பதைவிடச் சிதறடிப்பதுதான் கண்முன் வருகிறது. கூரையைப் பெயர்க்கும், வாழையைச் சாய்க்கும், எதையும் முறையாக எடுத்துக்கொண்டு போகாது. செய்தித்தாள்களில் ‘யானைகள் வாழைத் தோட்டத்தைச் சூறையாடின’ என்று எழுதுகிறார்கள். அது பொருத்தம்தான். யானை தின்பது கொஞ்சம், சாய்ப்பது நிறைய. ஆனால் பூட்டை நோகாமல் திறந்து நகையை மட்டும் எடுத்துப் போனதற்கும் ‘வீட்டைச் சூறையாடினர்’ என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் காற்று போய்விடுகிறது. அப்படி எழுதக் கூடாது என்பது என் கருத்து. அதற்குத் திருட்டு என்ற எளிய சொல் போதும். சட்டத்திலும் இந்தப் பிரிவினை உண்டு. ஓசைப்படாமல் எடுத்தால் திருட்டு. அடித்தோ மிரட்டியோ எடுத்தால் கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் போட்ட இந்த ஐந்து பேர் கணக்கு, அதற்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

சூறைக்கு ஒரு சந்தோஷமான பக்கமும் உண்டு. பிள்ளையாருக்கு உடைக்கிற சிதறுகாய்க்குச் சூறைத் தேங்காய் என்றும் பெயர். சிதறுகிற சில்லை யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம், கேட்க ஆள் கிடையாது. எங்கள் மலையின் அடிவாரத்தில், பட்டிவீரன்பட்டிக்குப் பக்கத்தில் சேவுகம்பட்டி பெருமாள் கோயிலில் தை மாதம் வாழைப்பழம் சூறை விடுவார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து வீச, கீழே நிற்கிற கூட்டம் பிடித்துக்கொள்ளும். வீசுகிறவரே மனதாரக் கொடுப்பதால் இங்கே கொள்ளையில் இழப்பவர் என்று ஒருவர் இல்லை. இதே ஜனவரியில் ஸ்வீடனில் கிறிஸ்துமஸ் மரத்தைக் ‘கொள்ளையடிக்கும்’ நாள் ஒன்று வருகிறது, 13ஆம் தேதி. மரத்தில் தொங்கவிட்ட மிட்டாயையெல்லாம் பிள்ளைகள் பறித்துத் தின்ன, பாட்டும் ஆட்டமுமாக மரத்தை வெளியே போடுகிறார்கள். அதன் பெயரில் இருக்கும் சொல் போர்க்காலக் கொள்ளைக்கு ஐரோப்பாவில் வழங்கும் அதே ‘பிளண்டர்’தான்.

அந்தச் சொல்லின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் பக்கத்தில் ‘பிளண்டர்’ என்பது வீட்டுச் சாமான். துணிமணி, படுக்கை, தட்டுமுட்டு என்று ஒரு குடும்பம் வைத்திருக்கும் சின்னச் சின்னப் பொருள்கள். அதை எடுத்துக்கொண்டு போவதற்கு அதிலிருந்தே வினை வந்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் படைகள் ஊர் ஊராகப் புகுந்து இதைத்தான் செய்தன. அந்தக் காலத்தில்தான் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. அரண்மனைப் பொக்கிஷத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை இது, ஏழைக் குடியானவன் வீட்டுப் போர்வையைப் பார்த்து வைத்த பெயர்.

ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு சொல் ‘லூட்’. அது நம் நாட்டிலிருந்து போனது, இந்தியில் லூட் என்றால் கொள்ளை. ஆங்கிலேயர் இந்தியாவில் பழகிய சொற்களுக்கென்று யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த அகராதி, 1841இன் சீனப் போர், கிரிமியப் போர், 1857 கிளர்ச்சி ஆகியவற்றுக்கு இடையே இந்தச் சொல் இங்கிலாந்துப் பேச்சில் மெல்ல இடம்பிடித்ததாகச் சொல்கிறது. எந்தெந்தப் போர்கள் என்று பார்த்தாலே சொல் எப்படிக் கப்பல் ஏறியது என்பது விளங்கும். நம் வீடுகளில் ‘பசங்க லூட்டி அடிக்கிறானுங்க’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் கொள்ளை ஒரு துளியும் இல்லை, வெறும் ஆட்டம் பாட்டம்தான்.

உரிப்பதைப் பார்த்துப் பெயர் வைத்த மொழிகளும் இருக்கின்றன. கன்னடத்தில் வாழைப்பழத்தோலை உரிப்பதற்கு ‘சுலி’. அதிலிருந்து வந்த ‘சுலிகெ’ என்றால் கொள்ளை, பிடுங்கித் தின்பது. லத்தீனில் விலங்கிலிருந்து உரித்தெடுத்த தோலைக் குறித்த சொல், தோற்றவன் உடம்பிலிருந்து கழற்றிய கவசத்துக்கும் அப்புறம் எல்லாக் கொள்ளைப் பொருளுக்கும் பெயரானது. ஆங்கிலத்தில் அங்கியைக் குறிக்கும் ‘ரோப்’ என்ற சொல்லும் கொள்ளையடிப்பதைக் குறிக்கும் ‘ராப்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அடுத்தவர் உடம்பிலிருந்து உரித்த உடைதான் முதல் அங்கி. ஊருக்கும் ஊருக்கும் ஆயிரக்கணக்கான மைல், ஆனால் ஒரே காட்சியைப் பார்த்திருக்கிறார்கள்.

வத்தலக்குண்டு மார்க்கெட்டில் அரை மணி நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நான்கும் காதில் விழும். இந்த நான்கும் கொள்ளையில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. அழகு வந்தால் கொள்ளையைத் துணைக்குக் கூப்பிடுகின்றன. நாம் ‘மனதைக் கொள்ளை கொண்டது’ என்கிறோம். கன்னடத்தில் ‘மனசூரெ’, அதாவது மனசைச் சூறையாடுவது. தெலுங்கிலும் சூறைக்கு உறவான சொல்லை வைத்துத்தான் மனசைச் ‘சூரகொன்ன’ என்கிறார்கள். மலையாளத்தில் ‘கவர்ச்ச’ என்றால் கொள்ளை, பத்திரிகையில் வங்கிக் கொள்ளைச் செய்திக்கு அதுதான் தலைப்பு. அதே கவர் வேரிலிருந்து தமிழில் வந்த கவர்ச்சி ஆளை இழுக்கும் அழகு. திருக்குறளில் ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்னும்போது கவர்வது கையால் எடுப்பதுதான். சம்பந்தரின் முதல் பதிகத்தில் இறைவனே உள்ளங்கவர் கள்வனாக வந்துவிடுகிறான். 2018இல் இங்கே குறிஞ்சி பூத்தபோது சரிவைப் பார்த்த எல்லாரும் சொன்னது ‘கொள்ளை கொள்ளையா பூத்திருக்கு’. அள்ள அள்ளக் குறையாதது என்ற பொருள் எப்படியோ அந்தச் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதே சொல் கொள்ளை நோயிலும் இருக்கிறது. அங்கே அள்ளிக்கொண்டு போவது உயிரை.

தேடுவதும் அள்ளுவதும் சேர்ந்த ஒரே சொல் தமிழில் கிடையாது என்றுதான் நான் அண்ணன் மகளிடம் சொல்லியிருந்தேன். அது தவறு. போன தை மாதம் பண்ணைக்காட்டில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். களத்தில் காயப் போட்டிருந்த மிளகை முந்தின வாரம் யாரோ இரவோடு இரவாக மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியப்பா வெறும் தார்ப்பாயைக் காட்டிச் சொன்னார்: “நாலு வருசமாத் தேடுன தேட்டத்த ஒரே ராத்திரியில தேட்டை போட்டுட்டாங்கம்மா.”

தேடுவது, தேட்டம், தேட்டை. மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. தேடு என்றால் கண்ணால் தேடுவது மட்டும் இல்லை, பாடுபட்டுச் சேர்ப்பதும்தான். ஔவையார் ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்று சொன்னது அந்தத் தேடுவதை. அப்படிச் சேர்த்தது தேட்டம். அடுத்தவர் தேட்டத்தைத் தன் தேட்டமாக்கிக்கொள்வது தேட்டை போடுவது. நார்ஸ் மொழிச் சொல் நாடு கடந்து போய்ப் பொருள் மாறியது. இங்கே மாறுவதற்கு எங்கும் போகவில்லை, ஒரு வீட்டுக் களத்திலேயே மூன்று பொருளும் நிற்கின்றன. அண்ணன் மகள் உடனே போனை எடுத்துக் குறித்துக்கொண்டாள். பெரியப்பாவுக்கு எதற்கு என்று புரியவில்லை. மிளகு போன வருத்தத்தில் இருந்த மனிதரிடம் அப்போது விளக்கவும் தோன்றவில்லை.

ஊர் திரும்பும் வழியில் ஒரு கற்திட்டையைக் காட்டக் கூட்டிப்போனேன். பழனி மலையில் தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கங்களில் இவை நிறைய உண்டு. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய, பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்பார்கள். செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார் ஆங்லேட் இவற்றை அலைந்து பார்த்துப் பதிவு செய்தார். நியூட்டன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. நாங்கள் பார்த்த திட்டையில் மூடுகல் சரிந்திருந்தது, ஒரு பக்கப் பலகை பெயர்ந்திருந்தது. புதையல் ஆசையில் யாரோ எப்போதோ தோண்டியிருக்கிறார்கள்.

“இவங்களும் தோண்டினாங்க, அகழாய்வு பண்றவங்களும் தோண்டுறாங்க. என்ன வித்தியாசம் அத்தை?” என்றாள்.

வித்தியாசம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்றேன். அகழ்வது தோண்டுவது. ஆய்வில் இருக்கும் ‘ஆய்’ கீரை ஆய்கிறோமே, அதே ஆய்தான். ஒவ்வொரு தண்டாகக் கையில் எடுத்து, புழு அரித்த இலையைத் தள்ளி, நல்லதைத் தனியே வைப்பது. அகழாய்வில் மண்ணை அங்குலம் அங்குலமாக எடுக்கிறார்கள். ஒரு ஓடு கிடைத்தால் எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று எழுதிப் படம் எடுத்த பிறகுதான் கையை வைக்கிறார்கள். புதையல் தேடுகிறவனுக்குப் பானைக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் போதும். பானை எங்கே இருந்தது என்பது அவன் கடப்பாரையோடு போய்விடும். அப்புறம் யார் வந்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

பேசிக்கொண்டே அவள் காலடியில் கிடந்த ஒரு கறுப்பு சிவப்பு ஓட்டை எடுத்துவிட்டாள். உள்ளங்கையளவுகூட இருக்காது. உள்பக்கம் கறுப்பு, வெளியே சிவப்பு, ஓரத்தில் ஈர மண். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, புல்லில் அது கிடந்த பள்ளத்தைத் தேடி, கறுப்புப் பக்கம் மேலே வரும்படி அதே இடத்தில் வைத்தாள். “இப்படித்தானே அத்தை இருந்துச்சு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.